கோச்சின் முழுவியளம்

கல்லூரி அணியின் உடுப்பறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு முன்னால் எழும்பி நின்று கொஞ்சம் பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேலை செய்த காலத்திலும் அப்படித்தான், ஓய்வெடுத்த பிறகும் அப்படித்தான். எழுதித் தருகிறேன் என்று தப்பிக்கொண்டேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வசனம் கோணலாக இருந்தால் நிமிர்த்தி வாசித்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்களுக்கு யாராவது இங்கிலிஷில் மாற்றிச் சொல்லுங்கள்.

உடுப்பைத் துவைக்கிற விதம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. எவ்வளவு சோப்பு வேண்டும் என்று மெஷினே சொல்லுகிறது. மனிதருக்கு எவ்வளவு சொல்லவேண்டும், எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பதைத்தான் ஒருவரும் சுவரில் ஒட்டி வைக்கவில்லை.

விளையாட்டைப் பற்றி ஒன்று. இது நாங்கள் ஊரில் பார்த்த உதைபந்தாட்டம் இல்லை. பந்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் துரத்திப் பிடித்து விழுத்துவார்கள். காலால் அடிப்பதற்கென்று அணிக்கு ஒருவன் இருப்பான். அவன் பெரும்பாலும் மெலிந்தவனாக இருப்பான், மற்றவர்கள் முட்டி மோதும்போது கரையில் நின்று குளிரில் நடுங்குவான். எங்கள் அணியில் அந்த ஒருவன் கஜன். கனடாவிலேயே, ஸ்காபரோவில் பிறந்த எங்கள் பிள்ளை. இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் அதற்குமேல் தெரியாது.

இன்னொன்று. இதில் வருகிற வெள்ளைக்காரரும் மற்றவர்களும் இங்கிலிஷில்தான் கதைத்தார்கள். எனக்கு அதைத் திருப்பி எழுதத் தெரியாது. அதனால் எங்கள் வாயில் எழுதுகிறேன். கோச் யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கதைக்கிறாரே என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கயானாக்காரர். உடுப்பறைக்கு அவர்தான் மேலாள். பெயர் போட்டால் கோபிப்பார். நான் சேர்ந்த புதிதில், ஒரு மட்ச் நாள் காலையில், குளிர்சாதனப்பெட்டி அளவில் ஒரு பெடியன் வாசலில் வந்து நின்றான். அவனுடைய உள்பெனியனைக் காணவில்லையாம். கக்கம் இரண்டும் கிழிந்து, கழுத்து தொங்கிப்போன பெனியன் அது. யாருக்கும் உதவாது என்று நான்தான் குப்பையில் போட்டிருந்தேன். புதுசு ஒன்றை எடுத்து நீட்டினேன். அவன் கண் கலங்கிப்போனான்.

மேலாள் குப்பைப் பையை அப்படியே நிலத்தில் கவிழ்த்தார். தேயிலைச் சக்கைக்கும் வாழைப்பழத் தோலுக்கும் நடுவில் இருந்து பெனியனை எடுத்து, உதறி, கோயிலில் திருநீறு கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். பெடியன் மணந்துகூடப் பார்க்காமல் போட்டுக்கொண்டு போனான்.

பிறகு என்னிடம் சொன்னார்: "மட்ச்சுக்கு முன்னம் ஒருத்தரையும் திருத்தப் போகாதை. பயந்த ஆள் எதைக் கேக்கிறானோ அதைக் குடு. திருத்திறதுக்குத் திங்கக்கிழமை இருக்கு."

இந்தப் பாடம் எனக்குக் கோச்சிடம்தான் கூடுதலாகப் பயன்பட்டது.

கோச் நெட்டையான மனிதர். சூயிங்கத்தை மென்றுகொண்டே இருப்பார், மென்று முடிந்ததாக நான் கண்டதில்லை. பிள்ளைகளில் நல்ல இரக்கம். ஆனால் தோற்றால் காற்று பிழை. காற்று இல்லாவிட்டால் நடுவர் பிழை. நடுவர் நல்லவராக இருந்துவிட்டால் பஸ்காரர் சுற்றிக்கொண்டு வந்தது பிழை. ஒருமுறை மத்தியானம் கொடுத்த உருளைக்கிழங்கில் பிழை பிடித்தார். சரி, வென்றாலாவது தன்னுடைய கெட்டித்தனம் என்பாரா என்றால், அதுவும் இல்லை. இடது சப்பாத்தை முதலில் போட்டதால் வென்றோம் என்பார். ஆக, வென்றாலும் அவர் வெல்லவில்லை, தோற்றாலும் அவர் தோற்கவில்லை. எல்லாம் வேறு யாரோ செய்தது.

கல்லூரியின் இணையப் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இடது பக்கம், அவர் வாழ்க்கையில் பழக்கிய அணிகள் எல்லாம் சேர்ந்து வென்றது. வலது பக்கம், தோற்றது. வலது பக்கம்தான் கூடுதல். நான் சொல்லுகிற வருஷம், விளையாட்டுப் பகுதிக்குப் பொறுப்பான டிரெக்டர் அம்மா அவரைக் கூப்பிட்டு, இந்தப் பருவம் முடியும்போது இடது எண் வலது எண்ணைத் தாண்டவில்லை என்றால் வேறு கோச் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அறைக்குள் சொன்னது என்றாலும் மதியத்துக்குள் துப்புரவு செய்கிற ஆட்களுக்கும் தெரிந்துவிட்டது. அந்த வயதில், தோல்வி கூடின ஆளை வேறெந்தக் கல்லூரியும் எடுக்காது என்று மேலாள் கவலைப்பட்டார். அந்த நிலையில் பருவத்தின் முதல் மட்ச்சும் தோல்வி. அன்றைக்குக் காற்று.

இனி என் கதை.

எங்கள் பக்கத்தில் முழுவியளம் என்று ஒன்று பார்ப்போம். ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது முதலில் யார் எதிர்ப்படுகிறார்கள் என்பது. சுமங்கலி வந்தால் நல்லது. புருஷன் இல்லாதவள் வந்தால், திரும்பிப் போய் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார்கள். என் மனிசன் கனடாவுக்கு வந்து கொஞ்சக் காலத்தில் கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து ஒதுங்கி நிற்கிறது எனக்குப் பழகிவிட்டது. வோபர்னில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் காலையில் வேலைக்கு வெளிக்கிட்டால் லிப்ட் மூடுகிற சத்தம் கேட்கும்வரை குசினியை விட்டு வெளியே வரமாட்டேன். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. நானாகத்தான்.

கல்லூரியிலும் அதே பழக்கம். உடுத்துகிற அறைகளிலிருந்து மைதானத்துக்குப் போக ஒரு சுரங்கவழி இருக்கிறதல்லவா, இரண்டு அணிக்கும் அது ஒன்றுதான். முதலில் எங்கள் பிள்ளைகள் போவார்கள், பின்னால் விளையாட வந்த மற்ற அணி. அந்த நேரத்தில் நான் ட்ரையருக்குப் பின்னால் போய்விடுவேன். கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூச்சமும்தான்.

சொந்த மைதானத்தில் முதல் மட்ச் அன்று, பிள்ளைகள் உடம்பு துடைக்கிற துவாய்கள் ஏற்றிய வண்டியின் சில்லு சுரங்கவழி நடுவில் இறுகிவிட்டது. தள்ளுகிறேன், அசையவில்லை. பின்னால் ஒரு சத்தம். நிலம் அதிர, முழு அணியும் நேரே வருகிறது, முன்னுக்குக் கோச். வண்டியை விட்டுவிட்டு ஓட இடமில்லை. சட்டென்று ஒரு கட்டுத் துவாயைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிள்ளையாரே, இந்த மனிசனின் வேலையைத் தின்றுவிட்டேனே என்று துவாய்க்குள் முணுமுணுத்தேன். பெடியன்கள் போகிற போக்கில் வண்டியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போய்விட்டார்கள் என்று துவாயை இறக்கினேன். எதிரே, விளையாட வந்த மற்ற அணி. அவர்களை நான் மறந்தே போனேன். முன்னுக்கு வந்த பெடியன் என் முகத்தை நேராகப் பார்த்து "ஹாய்" என்றான். நானும் பயத்தில் "குட் லக்" என்றேன்.

அன்றைக்கு எங்கள் அணி வென்றது. யாரும் எதிர்பாராத வெற்றி. எதிரணி பந்தைக் கையில் பிடிப்பதும் நழுவ விடுவதுமாக நின்றது.

திங்கட்கிழமை கஜன் உடுப்பறை வாசலில் வந்து நின்றான்.

"அன்ரி, கோச் உங்களை வரட்டாம்."

"ஏன் ராசா, நான் என்ன செய்தனான்?"

"சுரங்கத்துக்கை நிண்டனீங்களாம்."

"வண்டி இறுகிப்போச்சு தம்பி. வேணுமெண்டு நிக்கேல்லை எண்டு சொல்லு."

"ஏசுறதுக்குக் கூப்பிடேல்லை அன்ரி. இனி ஒவ்வொரு மட்ச்சுக்கும் நிக்கட்டாம். அவர் சீரியஸா இருக்கிறார்."

கோச்சின் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் எல்லாம் அந்த இடத்தில் ஓடிப்போய்விட்டது. கஜனிடம் சொன்னேன்:

"சொல்லு தம்பி, நான் புருசன் இல்லாதவள். வெளிக்கிடுற ஆக்களுக்கு முன்னாலை நான் வரக்கூடாது. அது கூடாத முழுவியளம்."

கஜனுக்கு முழுவியளம் என்ன என்று தெரியாது. அதை விளங்கப்படுத்தவே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவன் ஏதோ சொன்னான். கோச் மெல்லுகிறதை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நான் நல்ல சகுனமெல்லாம் பாத்துப் பாத்துத்தான் இவ்வளவு மட்ச் தோத்தனான்" என்றார். "ஒருக்காக் கூடாததைப் பாத்து வெல்லுவம்."

மறுத்துச் சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்தில் மேலாள் நின்றார். அவர் குப்பைப் பையைக் கவிழ்த்தது நினைவுக்கு வந்தது. பயந்த ஆள் கேட்டதைக் கொடு. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் பிள்ளைகளே, தலையாட்டியது வேறு, நம்பியது வேறு. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து யோசித்தேன். எங்கள் பிள்ளைகள் பார்த்தது துவாயை. என் முகத்தைப் பார்த்தது மற்றவர்கள். பந்து யார் கையில் நழுவியது? மற்றவர்கள் கையில். கோச் நினைக்கிறார், நான் அவருக்கு நல்ல சகுனம் என்று. விஷயம் அதுவல்ல. நான் அவர்களுக்குக் கூடாத சகுனம். அஞ்சாம் வகுப்புப் படித்தவளுக்கே இந்தக் கணக்கு விளங்குகிறது.

அதன்பிறகு நான் தொழிலை ஒழுங்காகச் செய்தேன். எங்கள் பிள்ளைகள் வரும்போது துவாயைக் கண்வரைக்கும் தூக்கிப் பிடிப்பேன். அவர்கள் வண்டியைத் தட்டிக்கொண்டு போவார்கள். கடைசி ஆள் தாண்டியதும் துவாயை வைத்துவிட்டு, தலைமயிரைத் தடவி, வழி நடுவில் வந்து நிற்பேன். வருகிற ஒவ்வொருவனையும் கண்ணுக்குள் பார்த்து, பல் தெரியச் சிரித்து, "குட் லக், குட் லக்" என்பேன். வாழ்க்கையில் அந்நியரின் முகம் பார்த்துச் சிரிக்காதவள் நான். ஒருவனையும் தவற விட்டதில்லை. சப்பாத்துக் கட்டக் குனிந்தவனை நிமிரும்வரை காத்து நின்று சிரித்தேன்.

சொந்த மைதானத்தில் அடுத்தடுத்து வெற்றி. தோற்றுப்போன ஒரு கல்லூரி டிரெக்டர் அம்மாவுக்கு நன்றி சொல்லி எழுதியிருந்ததாம். உங்கள் இடத்தில் வரவேற்பு மாதிரி நாங்கள் எங்கும் காணவில்லை, அந்த வயதான அம்மா எவ்வளவு அன்பாக வாழ்த்தினார் என்று. டிரெக்டர் அம்மா கீழே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலாள் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் சுரங்கவழிப் பக்கம் திறக்கிற உடுப்பறை யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் ஆட்களைத் திருத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

வெளியூர் மட்ச்சுக்கும் கோச் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கேதான் சிக்கல். அந்த மைதானத்தில் இரண்டு அணிக்கும் வேறு வேறு வாசல். கோச் என்னை எங்கள் வாசலில் நிறுத்தினார். அங்கே நின்று என்ன பிரயோசனம்? பிள்ளைகள் தாண்டியதும் துவாய்க் கட்டையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். காவலுக்கு நின்றவன் மறித்தான். "துவாய்" என்றேன். விட்டுவிட்டான். துவாய் கையில் இருந்தால் எங்கேயும் விடுவார்கள், இதையும் மனதில் வையுங்கள்.

ஒரு பெரிய வாசல். உள்ளே சனம் கூடி நிற்கிற சத்தம். இதுதான் என்று நடுவில் நின்று சிரிக்கத் தொடங்கினேன். கதவு திறந்தது. வந்தது அணி இல்லை. அவர்களுடைய வாத்தியக் கோஷ்டி. எக்காளம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்துத் தலைகுனிந்து போனார்கள். அவர்களின் அணி வேறு பக்கத்தால் எப்போதோ மைதானத்துக்குப் போய்விட்டது.

அந்த மட்ச் தோற்றோம். ஆனால் இடைவேளையில் அவர்களுடைய பெரிய மேளம் கிழிந்துபோனது.

"பாவம், நல்ல மேளம்" என்றார் மேலாள், என்னைப் பார்க்காமல்.

பழைய மேளம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். இருக்கலாம்.

இப்படி வென்றும் தோற்றும் கடைசி மட்ச்சுக்கு வந்தபோது கோச்சின் இரண்டு எண்களும் சமமாக நின்றன. வென்றால் இடது பக்கம் கூடும், வேலை இருக்கும். தோற்றால் வீடு. மட்ச் எங்கள் மைதானத்தில். அந்தக் கிழமை முழுக்கக் கோச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. என்னைக் காண்கிற நேரமெல்லாம் "தடிமன் ஒண்டும் இல்லையே? இருமல்?" என்று கேட்டுக்கொண்டார். யாரோ ஒருவரின் வேலை என் முகத்தில் தொங்குகிறது என்பது எனக்கும் புதிது. மகள் பரிமாறிய சோறு எனக்கும் இறங்கவில்லை.

அந்த நாள் வந்தது. நல்ல குளிர், காற்று. எங்கள் பிள்ளைகள் வந்தார்கள், துவாயைத் தூக்கினேன், தட்டினார்கள், போனார்கள். துவாயை இறக்கப்போன நேரம், எதிரணி வரிசையில் முன்னுக்கு வந்த மெலிந்த பெடியன் ஒருவன் தலைக்கவசத்தோடு எனக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டான்.

"அன்ரி" என்றான். "நான் நிரோஷ். கஜனின்ரை சித்தி மகன்."

மில்லிக்கனில் ஒரே பூங்காவில் பந்தடித்து வளர்ந்தவர்களாம் இரண்டு பேரும். இவனும் அவர்களுடைய அணியில் காலால் அடிக்கிற அந்த ஒருவன். கஜன் வாய் சும்மா இருந்தால்தானே. எங்கடை அன்ரியின் கை பட்ட வண்டியைத் தட்டினால் வெற்றிதான் என்று சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

"போன மூண்டு மட்ச்சும் அடிச்ச பந்து ஒண்டும் போகேல்லை அன்ரி. இண்டைக்கும் போகாட்டி என்னை விட்டுடுவாங்கள். நீங்கள் எங்கடை ஆள்தானே. எனக்கும் ஒருக்கா ஆசீர்வாதம் தாங்கோ."

பின்னால் அவனுடைய அணி முழுக்க நின்றுவிட்டது. செய்யவேண்டியது தெரியும். துவாயை இறக்கி அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு. இத்தனை நாளும் செய்ததுதானே. கோச்சின் வேலை நிற்கும். ஆனால் இத்தனை நாளும் ஒருவனும் என்னிடம் கேட்டு வரவில்லை. கேட்டு வந்து காலடியில் இருக்கிற பிள்ளைக்கு, வேண்டுமென்று கூடாததைக் கொடுக்கிறதா? அவனுடைய தாய் மில்லிக்கனில் எந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறாளோ.

யோசிக்க நேரமில்லை, பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். துவாயை இன்னும் மேலே தூக்கினேன். நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அமத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கையை நீட்டித் தடவி, அவன் தலைக்கவசத்தில் வைத்தேன்.

"நல்லா அடி ராசா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவன் எழும்பிப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியது போல வண்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் போகும்வரை நான் துவாயை இறக்கவில்லை. அன்றைக்கு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலாள் யன்னலைத் திறந்து, "துவாயை இறக்க மறந்திட்டியோ?" என்றார்.

"கை விறைச்சுப்போச்சு" என்றேன்.

மட்ச் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. கத்துகிற சத்தத்தை வைத்து அறிந்துகொண்டேன். முடியப்போகிற நேரம் நாங்கள் இரண்டு புள்ளி முன்னுக்கு. அவர்களுக்குக் கடைசியாக ஒரு அடி. இரண்டு கம்பத்துக்கு நடுவால் போனால் மூன்று புள்ளி. தூரமோ தூரம். காற்று எங்கள் பக்கம் நின்றது, அடிக்கிறவனின் முகத்துக்கு நேரே. அப்படியான காற்றில் அடித்தால் பந்து பாதியில் நின்றுவிடும் என்று மேலாள் சொல்லி வாய் மூடவில்லை.

போய்விட்டது.

கஜன் குளிக்காமல் உடுப்பறைக்குள் வந்து என் கதிரையில் இருந்தான். "நல்லா அடிச்சான் அன்ரி" என்றான். "பிசாசு. என்னாலை அப்பிடி ஏலாது." பிறகு அழுதான். பிறகு நிரோஷின் தொலைபேசி வந்தது, அதற்குச் சிரித்தான். எந்தப் பக்கம் நிற்பது என்று அவனுக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கோச் வந்தார். டிரெக்டர் அம்மாவைச் சந்திக்கப் போகிற வழியில் வந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், அது கொஞ்சம் கோணல். கஜனைக் கூப்பிடவில்லை, மேலாளையும் வெளியில் அனுப்பிவிட்டார். எனக்கு இருக்கிற இங்கிலிஷை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

"சனிக்கிழமை நீ வழமையான இடத்திலைதான் நிண்டனியோ?"

"ஓம்."

"ஏதாவது மாத்திச் செய்தனியோ?"

என்ன சொல்ல? இல்லை என்றால் பொய். ஓம் என்றால் முழுக்கதையும் வரும். இந்த மனிதர் மேலே போய் டிரெக்டர் அம்மாவின் கதவைத் தட்டி, நான் தோற்றதுக்கு உடுப்புத் தோய்க்கிற அம்மாவின் முகம்தான் காரணம் என்று சொல்லுவார். சத்தியமாகச் சொல்லுவார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்.

"எங்கடை பிள்ளையளுக்கு ஒண்டும் மாத்தேல்லை" என்றேன். "ஆனா உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அவையள் சுரங்கத்துக்கை என்ரை முகத்தை ஒருநாளும் பாத்ததில்லை."

"என்ன?"

பக்கத்தில் இருந்த துவாய்க் கட்டைத் தூக்கி எப்படிப் பிடிப்பேன் என்று காட்டினேன். இறக்கினேன்.

"முதல் மட்ச்சிலை இருந்து இப்பிடித்தான். நீங்களும் பாக்கேல்லை."

கோச் மேசையில் கையை ஊன்றி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒவ்வொரு மட்ச்சாக மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப அந்த வெற்றியெல்லாம்?"

"உங்கடைதான்."

"நீ நிண்டதாலை இல்லை?"

"உங்களுக்காக நான் நிக்கவேயில்லை" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாக்கால் சூயிங்கத்தைக் கன்னத்துக்குள் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப தோத்ததும்" என்றார். கேள்வி மாதிரி இல்லை.

கழுத்துப்பட்டியை நிமிர்த்திக்கொண்டு மேலே போனார்.

எதிரணிகளுக்குப் பல்லைக் காட்டியதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. அந்தப் பாதியை இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. உங்களில் யாராவது இதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினால், நான் வயது போனவள், ஞாபகப் பிசகு என்று சொல்லிவிடுவேன்.

மேலே நடந்தது பிறகுதான் தெரிய வந்தது. டிரெக்டர் அம்மா காரணம் கேட்டிருக்கிறார். கோச் காற்றைச் சொல்லவில்லை. நடுவரைச் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் பந்தை வைத்திருக்காமல் அவசரப்பட்டு ஆடச் சொன்னது தான்தான் என்றிருக்கிறார். வென்ற மட்ச்சுகளில் தான் என்ன செய்தேன், அதைப் பெடியன்கள் எப்படி உள்வாங்கினார்கள் என்றும் இருந்து விளங்கப்படுத்தியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் தன்னைப் பற்றிப் பேசி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று டிரெக்டர் அம்மா மேலாளிடம் சொன்னாராம். வலது எண் ஒன்று கூடுதலாக இருந்தும், இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்.

அடுத்த பருவம் தொடங்கியபோது கோச் என்னைச் சுரங்கவழிக்குக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. ட்ரையருக்குப் பின்னால் எனக்குப் பழைய இடம் இருந்தது. முதல் மட்ச் தோற்றோம். முடிந்ததும் நனைந்த தொப்பியோடு கோச் உள்ளே வந்து, அதைக் கூடைக்குள் போட்டார்.

"இது என்ரை" என்றார்.

தொப்பியைத்தான் சொல்லுகிறார் என்று நினைத்து, "தெரியும், பேர் போட்டிருக்கு" என்றேன். அவர் வெளியே போன பிறகுதான் மேலாள் சிரிப்பை அடக்கமாட்டாமல், அவர் சொன்னது மட்ச்சை என்றார்.

அதற்கடுத்த மட்ச்சுக்கு நான் தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பச் சுணங்கிவிட்டது. சுரங்கவழி நடுவில் நிற்கிறேன், நிலம் அதிருகிறது. கையில் துவாய் இல்லை. எதுவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வண்டி கிடந்தால் அதற்குப் பின்னால் குந்தியிருப்பேன், அதுவும் கிடக்கவில்லை. பிறகு, வென்றாலும் தோற்றாலும் அது தன்னுடையது என்று இந்த மனிதர் சொல்லிவிட்டாரே, நான் ஏன் அதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று தோன்றியது. ஒதுங்கவில்லை. நின்றேன்.

முழு அணியும் என்னைத் தாண்டிப் போனது. கஜன் ஒரு நொடி நின்று, குனிந்து, என்னை வடிவாகப் பார்த்தான்.

"துவாய்க்குப் பின்னாலை இருந்தது உதுவோ அன்ரி உங்கடை முகம்?" என்றான், உடுப்பறையில் ஒவ்வொரு நாளும் கண்ட முகத்தைக் காணாதவன் மாதிரி. "நான் வேறை மாதிரி நினைச்சு வைச்சிருந்தனான்."

"போடா, போய் அடி" என்றேன்.

அன்றைக்கு வென்றோமா, தோற்றோமா என்று நீங்கள் கேட்பீர்கள். அது கோச்சின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். என்னுடையது இல்லை.